நெஞ்சின்மேல் ஓடிய குதிரை

வெங்காயம் உரிப்பதில் ஒரு வசதி இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வழிந்தால் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. அதற்காகவே பவுன்தாய் வேனைவிட்டு இறங்கிய கையோடு புளியமரத்தடியில் கொட்டிக் கிடந்த சின்னவெங்காயக் குவியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க ஏன் மதினி இங்க உக்காந்துக்கிட்டு, தாய்மாமன் பொண்டாட்டி நீங்க, பட்டுச்சேலை பாழாப் போகும்" என்று நாத்தனார் தவமணி வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "இருக்கட்டும் தவமணி, சும்மா இருந்தா தலை வலிக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தலைவலி ஒன்றும் இல்லை. சும்மா இருந்தால் கண் கண்மாய்க் கரைப் பக்கமே போகிறது, அதுதான் வலி. கரைக்கு அந்தப்பக்கம் கருவேலங்காட்டுக்குள் ஆண்கள் இரண்டு பேர் மூன்று பேராகப் போகிறார்கள். போகும்போது பேச்சுமூச்சு இல்லை. வரும்போது ஊருக்கே கேட்கிற சிரிப்போடு, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். கருப்பசாமி கோயிலில் காதுகுத்து என்றால் கிடாய் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கரைக்கு அந்தப்பக்கமும். அவள் புருசன் காசிமாயன் இன்னும் போகவில்லை. அதோ, மண்குதிரைகள் வரிசையாக நிற்கிற இடத்தில், சலவை வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். காது குத்தி அழுது ஓய்ந்த தவமணியின் மகள் அவன் மடியிலேயே தூங்கிவிட்டாள். தாய்மாமன் மடி இல்லையென்றால் காதுகுத்தே இல்லை, அதனால்தான் அவனை வீட்டில் நிறுத்திவைக்க முடியவில்லை. இன்று அவன் ஒரு மடக்கு குடித்தால் போதும், செத்துப்போவான். இத்தனை கூட்டத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஏனென்றால் காலையில் அவன் சாப்பிட்ட குழம்பில் அதைக் கலந்தவளும் அவள்தான்.

வெங்காய நெடியையும் மீறி அந்த வாசம் வருகிறதா என்று விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வருகிறது. இல்லை, வருவதாகத் தோன்றுகிறது. தீப்பெட்டியைத் திறந்து முகர்ந்தது போல லேசான கந்தக வாடை, நகக்கண்ணில் குடியேறிவிட்டால் சோப்புக்கும் மசியாது சீயக்காய்க்கும் மசியாது. விதைக் குடோனில் வேலை பார்க்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் கை இப்படித்தான், விரலிடுக்கில் அரிப்பு, தோல் உரிந்து உரிந்து எரியும். நிலக்கடலைப் பருப்பை வெறுமனே மண்ணில் ஊன்றினால் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து முளைக்குமுன்பே அழுகும், தப்பி முளைத்தாலும் கழுத்து அழுகிச் சாயும். அதனால் பருப்பை டிரம்மில் கொட்டி, பூஞ்சண மருந்துத் தூளைப் போட்டு, டிரம்மைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு பருப்புக்கும் பவுடர் அடித்தாற்போலப் பிடித்த பிறகுதான் பையில் அடைப்பார்கள். நல்ல மருந்துதான், குற்றம் சொல்ல முடியாது. அவள் தம்பி போட்ட கடலை ஒரு பாத்தி விடாமல் முளைத்து நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். "இது பூஞ்சணத்துக்குத்தாம்மா, மனுசனுக்கு இல்ல. பையில செவப்பு முக்கோணமா போட்டிருக்கு? செவப்புன்னாத்தான் கடும் விஷம், இது நீலம்தான, பயப்படாம அள்ளுங்க" என்பான் சூப்பர்வைசர். அதைச் சொல்லும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொல்வான், மகராசன். அது மனுசனை என்ன செய்யும் என்று முதலில் கண்டுபிடித்தது மூட்டை தூக்குகிற ஆண்கள், படித்துக் கண்டுபிடிக்கவில்லை, உடம்பால் கண்டுபிடித்தார்கள். பகலெல்லாம் தூளில் புழங்கிவிட்டுச் சாயங்காலம் ஒரு குவார்ட்டரைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் முகம் ஜிவ்வென்று சிவந்து, குடலே வாய்வழியாக வருவது போல வாந்தி, நெஞ்சு படபடவென்று அடித்து ஆளையே சாய்த்துவிடும். மருந்து ஓடுகிற மாசத்தில் பாட்டில் ஆகாது என்று அவர்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். "அப்ப வருசம் பூரா மருந்து ஓடட்டுமே, வீட்டுல நிம்மதியா இருப்போம்" என்று பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எல்லோரும்தான் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவள் மட்டும் அந்தச் சிரிப்பை முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

கத்தி இடது கைக்கு மாறுகிறது. வலது மணிக்கட்டால் ரொம்ப நேரம் பிடிக்க முடிவதில்லை. கொத்தனார் புருசன் மட்டக்கோலால் அடித்தால் அப்படித்தான், எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அவன் கட்டுகிற சுவரெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும், மேஸ்திரிகள் தேடி வந்து கூப்பிடுவார்கள், அவள் மணிக்கட்டு மட்டும்தான் அவன் கைபட்டுக் கோணிப்போனது. குடிக்காத அன்றைக்கு அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுவான். கருப்பன்மேல் சத்தியம், இனி தொட மாட்டேன் என்பான். சத்தியம் பண்ணுவதும் மீறுவதும் அவனுக்குப் பல் விளக்குவது மாதிரி. தூளை முதன்முதலாக ரசத்தில் கலந்த அன்றைக்கு, குடித்துவிட்டு வந்து வாசல் படியில் விழுந்து, செங்கல் நிறத்துக்குச் சிவந்த முகத்தோடு, மாரைப் பிசைந்துகொண்டு அலறினானே. "பவுனு, யாரோ குதிரையில வர்றான்டி. நெஞ்சு மேல ஏத்தி ஓட்டுறான்டி. குளம்பு இடிக்குதுடி. கருப்பன் வந்துட்டான்டி, சத்தியத்த மீறுனேன்ல, வந்துட்டான்டி." அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். இல்லை மாமா, கருப்பனும் இல்லை, குதிரையும் இல்லை, குடோன் தூளு என்று சொல்லியிருக்கலாம். அடித்திருப்பான், அடித்தால் அடித்துவிட்டுப் போகிறான். ஆனால் அவள் சொன்னது, "ஆமா மாமா, கருப்பன்தான். இனிமே தொடாதீக." அந்த வாயில் என்ன வந்து உட்கார்ந்திருந்தது அன்றைக்கு? அதற்குப் பிறகு வந்த மாசங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றுக்குள் இனிக்கிறது, அதுதான் அவமானம். வேலை விட்டு வந்ததும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு அடுப்படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவான். அம்மிக்கு மேடை கட்டிக் கொடுத்தான். தூக்கத்தில் அவன் கை தேடி வந்து அந்தக் கோணல் மணிக்கட்டின்மேல் கிடக்கும். கல்யாணமாகி இத்தனை வருசத்துக்கப்புறம் அவள் புருசனை ஆசைப்பட ஆரம்பித்தாள், வெட்கமாகக்கூட இருந்தது. அவனோ வெள்ளி தவறாமல் கருப்பனுக்கு மாலை வாங்கிப் போட்டான். செய்தது இவள், பேர் வாங்கியது கருப்பன். ஒருநாள் அந்த மாலையைப் பார்த்து அவளுக்கு எரிச்சல்கூட வந்தது, சாமிமேல் எரிச்சல், நல்லா இருக்கா இது?

யாரோ கரையிலிருந்து சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். "மாப்ள, காசி! ஒரு எட்டு வந்துட்டுப் போடா!" கத்தி விரலில் பட்டது. ரத்தம் வெங்காயத்தில் சொட்டியது. காசிமாயன் எழுந்திருக்கவில்லை, கையை மட்டும் ஆட்டி வரலை என்கிறான். வரலை. மூச்சு வந்தது. வெட்டுக்காயத்தில் வெங்காயச் சாறு இறங்கி எரிகிறது, எரியட்டும். பெரியாஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவின் கண்ணும் இப்படித்தான் எரித்தது. இரண்டாம் தடவை அது. தளம் போட்ட அன்றைக்கு வீட்டுச் சொந்தக்காரர் வாங்கிக் கொடுத்தார் என்று ஒரே ஒரு டம்ளர் குடித்திருக்கிறான், சாரத்துக்குக் கீழேயே சுருண்டுவிட்டான். கை கால் சில்லிட்டு, கண் மேலே செருகி, ரத்த ஓட்டமே இறங்கிப்போய், ராத்திரி பூராவும் இழுத்துக்கொண்டு கிடந்தான். "இவருக்கு இதயம் ஏற்கனவே பலவீனமா இருக்கும்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்காது. குடியால மட்டும் இப்படி ஆகாதே. என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டாள் டாக்டரம்மா. பவுன்தாய் சொன்னாள், ரசஞ்சோறு. ரசஞ்சோறு, ரசஞ்சோறு என்று திருப்பிச் சொன்னாள், ஒரு தடவை சொன்னால் போதாது என்பது போல. வீட்டுக்கு வந்து பொட்டலத்தைக் குப்பைக் கிடங்கில் ஆழமாகப் புதைத்தாள். இனி செத்தாலும் தொடுவதில்லை என்று அவளும் கருப்பன்மேல்தான் சத்தியம் பண்ணினாள். புருசனும் பொண்டாட்டியும் சத்தியம் பண்ணியே அந்தச் சாமியை ஒரு வழியாக்கிவிட்டார்கள்.

பிறகு ஏன் கலந்தாய்? காலையிலிருந்து இதே கேள்வி, ஒரே இடத்தில் போய்ப் போய் முட்டுகிறது. காதுகுத்துக்கு நாள் குறித்ததிலிருந்தே பயம். கிடாவெட்டு, கரைக்கு அந்தப்பக்கம், பங்காளிகள், மச்சான்கள், வாடா போடா என்று இழுப்பார்கள், ஒரு வாய் உள்ளே போனால் பழைய காசிமாயன் எழுந்துவிடுவான், மட்டக்கோல் எழுந்துவிடும், அடுப்படியில் உட்காருகிற காசிமாயன் போய்விடுவான். அந்தப் பயத்தில் குடோனிலிருந்து மறுபடி கொண்டுவந்தாள். விடிந்ததும் கை தானாகக் கலந்துவிட்டது, வழக்கத்தைவிடக் கூடவே விழுந்துவிட்டது. அவன் ருசித்துச் சாப்பிட்டு, "புளிக்கொழம்பு இன்னைக்கு ஒரு தினுசா நல்லாருக்கு பவுனு" என்று விரலை நக்கியபோதுதான் மண்டையில் உறைத்தது. உள்ளே மருந்து இருப்பது அவனுக்குத் தெரியாதே. தெரியாதது எப்படி அவனைத் தடுக்கும்? தடுக்காது, கொல்லத்தான் செய்யும். அவனைத் தடுக்க வேண்டிய பயம் அவனிடம் ஏற்கெனவே இருந்தது, குதிரை பயம், அது போதாதா உனக்கு? போதவில்லை. அவனை நம்பவில்லை. குடித்துவிடுவானோ என்ற பயத்தில் கலந்தாள், கலந்துவிட்டோமே என்ற பயத்தில் இப்போது உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள், புத்திகெட்ட முண்டை.

சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் என்ன ஆகும்? தூக்கிப் போட்டு மிதிப்பான், பங்காளிகள் கூடுவார்கள், சோற்றில் விஷம் வைத்தவள் என்று வேனில் ஏற்றாமல் விட்டுவிட்டுப் போவார்கள். போகட்டும். செம்பில் தண்ணீர் மோந்துகொண்டு எழுந்தாள். குதிரைகளைத் தாண்டிப் போகும்போது ஒன்று அவளைப் பார்ப்பது போலிருந்தது, உருண்டைக் கண், வாயில் சிவப்புச் சாயம். "மாமா, இந்தாங்க தண்ணி." அவன் வாங்கிக் குடித்தான். "என்ன பவுனு, மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்கு?" "வெங்காயம்." "வெங்காயமா, பயமா?" என்று சிரித்தான். தூங்குகிற பிள்ளை முழித்துவிடாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ எதுக்கு அந்தக் கரையவே பாக்குறன்னு எனக்குத் தெரியாதா? ஆள் மாத்தி ஆள் கூப்பிட்டுப் பாத்துட்டாய்ங்க. அசையல. கருப்பன் கண்ணு முன்னாடி உக்காந்துக்கிட்டு அவனுக்குக் குடுத்த சத்தியத்த மீறுவனா? ஒனக்காகக்கூட இல்லடி, சொல்றேன்னு கோவிச்சுக்காத, அவனுக்காக." வாய்வரைக்கும் வந்தது. "மாமா, நம்ம இப்பவே வீட்டுக்குப் போயிருவமா?" என்றுதான் வெளியே வந்தது. "கிறுக்கி. சாமி கும்புடாமயா?" என்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சொல்ல வந்தது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அவன் குடிக்க மாட்டான். பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்? நாளைக்குள் மருந்து உடம்பைவிட்டு இறங்கிவிடும், இறங்காவிட்டால் நாளை மறுநாள். திரும்பி வந்து உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தை உரித்தபோது கை லேசாக இருந்தது, யாரோ சொன்ன கேலிக்குக்கூடச் சிரித்தாள்.

உறுமி முழங்கியது. படையல் போட்டார்கள். வாழையிலையில் சோறு மலைபோலக் குவிந்தது, கறி, ஈரல், சுருட்டு, நடுவில் பாட்டில். பாட்டில் வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா, கருப்பனுக்குப் பாட்டில் இல்லாமல் படையலா? சாமியாடி குடிப்பார், அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். காசிமாயனின் பெரியப்பா சிவனாண்டிதான் சாமியாடி. அரிவாளோடு ஆடி, ஆளுக்கு ஆள் திருநீறு பூசி, கடைசியில் பாட்டிலைத் திறந்து கால்வாசியைத் தன் வாயில் கவிழ்த்துக்கொண்டார். கவிழ்த்தவர் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. "தாய்மாமன் வாடா. கையேந்துடா" என்றார். அப்போதுதான் நினைவு வந்தது, காது குத்திய பிள்ளையின் தாய்மாமனுக்குச் சாமி கையால் ஒரு உள்ளங்கை கொடுக்கிற வழக்கம். முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு அவன் கரைக்கு அந்தப்பக்கம் விழுந்து கிடப்பான், யார் கையில் என்ன ஊற்றினார்கள் என்று அவள் எங்கே பார்த்தாள்? காசிமாயன் பிள்ளையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு முன்னால் போய்க் கும்பிட்டான். "சாமி, நான் சத்தியம் பண்ணிருக்கேன் சாமி." சிவனாண்டி அதட்டினார். "சத்தியத்த வாங்குனவன் யாருடா? நான்தானடா. நானே குடுக்குறேன், வேணாம்பியா?" காசிமாயன் திரும்பிக் கூட்டத்தில் அவளைத் தேடினான். கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது. பார்த்தியா, குதிரைக்காரனே என்னை மன்னித்துவிட்டான் என்று சொல்கிற முகம். கையைக் குவித்தான். பாட்டில் சரிந்தது.

"மாமா, வேணாம்!" உறுமிச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்டது? அவள் ஓடினாள். எப்படி ஆட்களை விலக்கினாள், எதில் தடுக்கினாள் என்று தெரியவில்லை, அவன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தது மட்டும் தெரிந்தது. தட்டிவிட்டால் மறுபடி ஊற்றுவார்கள். சாமி கொடுத்ததைக் கொட்டினால் அதற்குக் குற்றம் என்று இரண்டு மடங்காக ஊற்றுவார்கள். அவள் குனிந்து அவன் உள்ளங்கையில் வாயை வைத்து உறிஞ்சினாள். சிமெண்ட் வாசம், காரம், நெருப்பு. ஒரு சொட்டு விடாமல் நக்கினாள். தவமணியின் குரல் கிழிந்துகொண்டு வந்தது. "அடி ஆத்தி, மதினிக்கு அருள் வந்துருச்சு!" குலவை எழும்பியது. சிவனாண்டி பாட்டிலைச் சாமிக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு, "தள்ளி நில்லுங்கடா. வந்திருக்கது யாருன்னு கேட்டுட்டுத்தான் மத்தது" என்றார்.

அருள் இல்லை. தனக்கு என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். போன வருசம் வயிற்றுவலிக்கு சாராயக் காரம் உள்ள அரிஷ்டம் ஒரு மூடி குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் காதும் கன்னமும் தீயாக எரியக் கிடந்தவள்தானே, குடோன் தூள் அவள் உடம்பிலும் ஊறித்தான் கிடக்கிறது. இது ஒரு மூடி இல்லை. முதலில் காது சுட்டது, பிறகு கழுத்து, பிறகு முகம் மொத்தமும் அடுப்புக்குள் நீட்டியது போல. தலைக்குள் ரத்தம் குத்திக் குத்தி ஏறியது. உட்காரவைத்தார்கள், திருநீற்றை அள்ளி எறிந்தார்கள், கண்ணில் விழுந்தது. "பாரு, மூஞ்சி எப்படிச் செவக்குது! கண்ணப் பாரு!" நெஞ்சில் ஏதோ இடறியது. இடறி நின்று, மறுபடி இடறி, பிறகு ஓட ஆரம்பித்தது. குளம்பு. சத்தியமாகக் குளம்புதான், அவன் சொன்னது பொய்யே இல்லை, மூச்சை மிதித்துக்கொண்டு விலா எலும்பின்மேல் ஏறி ஓடுகிறது. இதுவா? இதையா கலந்து கலந்து ஊட்டினாய்? ரசஞ்சோறு, ரசஞ்சோறு. அவன் உன் மடியில் தலைவைத்துக் கதறும்போது இதுவா அவனுக்குள்ளே ஓடியது? நீ நல்ல குழம்பு வைத்த மாதிரி மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

"யாரு வந்திருக்கது, சொல்லு!" சிவனாண்டியின் குரல் எங்கோ தூரத்தில். காசிமாயன் அவள் முன்னால் மண்டியிட்டிருந்தான், கை இரண்டும் கூப்பி, பொண்டாட்டியைக் கும்பிட்டுக்கொண்டு. சொல்லிவிடலாம், சாமி குரலிலேயே சொல்லிவிடலாம், யார் மறுக்கப் போகிறார்கள்? "குடிக்காத" என்றாள். "தொடாத. இனி எப்பவும் தொடாத." கூட்டம் சாமி சாமி என்றது. முடிந்தது, அவன் பிழைத்தான், யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. ஆனால் அவன் முகம் இடிந்துபோனது. "நீதான குடுத்த சாமி, நீயே இப்ப வேணாங்குற. நான்தான் தொடலையே. இத்தன நாளா தொடலையே. இன்னும் என்ன கொற வச்சேன்? எதுக்கு எம்மேல ஆங்காரம்?" அழுதான். அழுதுகொண்டே நெற்றியைக் கல்லில் மோதினான், ஒன்று, இன்னொன்று, யாரும் தடுக்கவில்லை, சாமிக்கு முன்னால் மோதுகிறவனை யார் தடுப்பார்கள்? தோல் கிழிந்து ரத்தம் மூக்கில் இறங்கியது. ஒரு குற்றமும் செய்யாதவன் என்ன குற்றம் என்று கேட்டுக் கேட்டு மோதுகிறான். அவளால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நீ எதுவும் பண்ணல" என்றாள். வாந்தி தொண்டைக்கு வந்து திரும்பியது. "ஒஞ் சோத்துல கலந்திருக்கு. காலையில. அதுக்கு மேல குடிச்சா செத்துப்போவ."

கூட்டம் கொந்தளித்தது. "யாரு சாமி? கலந்தது யாரு? பேரச் சொல்லு சாமி!" எந்தப் பேரைச் சொன்னாலும் நம்புவார்கள். பகையாளி பேரைச் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரி பேரைச் சொல்லலாம், சாமி வாக்கு, அப்பீல் கிடையாது. குதிரை ஓடிக்கொண்டே இருந்தது. அவன் மோதுவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பவுன்தாய்" என்றாள்.

உறுமி நின்றது. தவமணி பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். காசிமாயன் கூப்பிய கையைப் பிரித்தான். அவன் இப்போது சாமியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான், அந்தக் கோணல் மணிக்கட்டைப் பார்த்தான், விரலிடுக்கில் உரிந்திருந்த தோலைப் பார்த்தான். அடிப்பான் என்று காத்திருந்தாள். அவன் அடிக்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், சின்னப்பிள்ளை கேட்பது போலக் கேட்டான்.

"அப்ப அந்தக் குதிர?"

"குதிரை எதுவும் வரல மாமா" என்றாள். "நான்தான்."